சான்டானாவின் கிட்டாரில் ப்ளூஸ் எங்கே இருக்கிறது?

போன ஜூலை 20 அன்று, கார்லோஸ் சான்டானாவின் பிறந்தநாளுக்கு, வழக்கம்போல ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி அவருடைய பாட்டுகளாகப் போட்டுக் கேட்டோம். ‘சம்பா பா தி’ முடிந்ததும் பேச்சு சூடாகிவிட்டது. ஒருவர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் கிட்டார் மேதையைச் சொல்லி, ‘இவர் பி.பி. கிங் வீட்டுப் பிள்ளை’ என்றார். இன்னொருவர், லண்டன் ப்ளூஸ் கிட்டார்காரர் ஒருவரை இழுத்து, ‘பீட்டர் கிரீன் இல்லாமல் இவர் இல்லை’ என்றார். மூன்றாமவருக்குக் கோபமே வந்துவிட்டது. மெக்சிகோவில் பிறந்து, காங்கா, திம்பாலே என்ற கியூபா மேளங்களை வைத்து உலகத்தையே ஆட வைத்த மனிதரை எதற்கு ப்ளூஸ் கணக்கில் எழுதுகிறீர்கள் என்று கேட்டார். அன்று முதல்முறையாக வந்திருந்த தம்பி ஒருவர் மறுநாள் எனக்கு எழுதினார்: ‘அண்ணே, மூன்று பேர் சொன்னதும் சரி மாதிரியே இருக்கிறது. அவர் ப்ளூஸை எங்கே கற்றார்? அவர் வாசிப்பில் அது எந்த இடத்தில் இருக்கிறது?’

தம்பி, பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிற விஷயம் இது. லத்தீன் இசைக்காரர் ஒருவர் அமெரிக்கா போய் ராக்கும் ப்ளூஸும் கற்றுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. ப்ளூஸ்தான் அவர் விரும்பித் தேர்ந்தெடுத்த முதல் மொழி. நாம் ‘சான்டானா தாளம்’ என்று சொல்கிற காங்காவும் திம்பாலேயும் அப்புறம் சான்பிரான்சிஸ்கோவில் வந்து சேர்ந்தவை.

1947இல் ஹலிஸ்கோ மாநிலத்தில் ஆவுட்லான் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா ஹோசே சான்டானா மரியாச்சி என்ற மெக்சிகோ நாட்டுப்புற இசைக் குழுவில் வயலின் வாசித்தவர். பையனுக்கு ஐந்து வயதிலேயே வயலின் பாடம் தொடங்கிவிட்டது. ஐம்பதுகளின் நடுவில் குடும்பம் அமெரிக்க எல்லையில் இருக்கிற திஹுவானாவுக்குக் குடிபெயர்ந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்கு வயலின் வாசித்துச் சில்லறை வாங்கும் வேலை பையனுக்கு. அந்த வாத்தியமும் பிடிக்கவில்லை, அந்தப் பாட்டும் பிடிக்கவில்லை.

அந்த ஊரில் தெனியெந்தே கெரெரோ என்று ஒரு பூங்கா உண்டு. ஒருநாள் அம்மா அவரை அங்கே அழைத்துப்போனார். ஹாவியர் பாட்டிஸ் என்ற உள்ளூர் இளைஞர் எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) மாட்டி வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டிஸ் வாசித்தது மெக்சிகோ பாட்டு இல்லை. டி-போன் வாக்கர், பி.பி. கிங், லிட்டில் ரிச்சர்ட் ஆகியோரிடமிருந்து எடுத்துக்கொண்ட கறுப்பின அமெரிக்க இசை. பையன் அன்றே கவிழ்ந்துவிட்டார். அப்பா ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் பாட்டிஸ் போகிற இடமெல்லாம் நிழல் மாதிரி பின்னால் போய்க் கற்றதுதான். பதின்ம வயதிலேயே அவெனிடா ரெவலூசியோன் தெருவின் இரவு விடுதிகளில் வாசிக்கத் தொடங்கிவிட்டார். அங்கே கேட்கப்பட்டதும் ப்ளூஸும், ஆர் அண்ட் பி எனப்படும் ரிதம் அண்ட் ப்ளூஸும்தான். ஆக, சான்டானாவின் ப்ளூஸுக்குச் சொந்த ஊர் மிசிசிப்பியும் இல்லை, சிகாகோவும் இல்லை. திஹுவானா.

அடுத்த கட்டம் சான்பிரான்சிஸ்கோ. மிஷன் வட்டாரத்தில் வீடு, மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு, ஒரு உணவு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலை. நேரம் கிடைத்தால் பில் கிரஹாம் நடத்திய ஃபில்மோர் அரங்கம். அங்கே 1966இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ளூஸ் ஹார்மோனிகாக்காரர் பால் பட்டர்ஃபீல்டு மேடையேறும் நிலையில் இல்லை. இருக்கிற கலைஞர்களை வைத்து ஒரு குழுவை அவசரமாகச் சேர்த்தார்கள். கீழே நின்றிருந்த சான்டானாவுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பட்டர்ஃபீல்டு குழுவின் மைக் ப்ளூம்ஃபீல்டின் கிட்டாரை வாங்கி வாசித்தார். பில் கிரஹாமின் கண்ணில் பட்டார். அந்த வருடமே தொடங்கிய குழுவின் பெயர் என்ன தெரியுமா? ‘சான்டானா ப்ளூஸ் பேண்ட்’. மூன்றாம் நண்பர் கோபப்பட்டாரே, அவரிடம் இந்தப் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லலாம். அவருடைய கிட்டார் முதன்முதலில் ஒரு இசைத்தட்டில் ஒலித்தது சொந்தக் குழுவின் தட்டில் இல்லை. 1968 செப்டம்பரில் ஃபில்மோர் வெஸ்டில் மைக் ப்ளூம்ஃபீல்டும் அல் கூப்பரும் நடத்திய நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். தூக்கமின்மையால் ப்ளூம்ஃபீல்டு மருத்துவமனைக்குப் போய்விட, அவர் இடத்தை நிரப்ப வந்தவர்களில் சான்டானாவும் ஒருவர். வாசித்த பாட்டு ‘சன்னி பாய் வில்லியம்சன்’, பழைய ஹார்மோனிகா மேதையின் பெயரில் அமைந்த ப்ளூஸ். 1969இன் உட்ஸ்டாக் இசைத் திருவிழாவுக்குப் பதினோரு மாதம் முந்தைய பதிவு இது.

சரி, பி.பி. கிங்கா பீட்டர் கிரீனா என்ற சண்டைக்கு வருவோம். இரண்டு பேரும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவர்கள் என்பது என் பதில். டெக்சாஸில் பிறந்த டி-போன் வாக்கர் நாற்பதுகளில் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒற்றைத் தந்தியில் பாடுகிற மாதிரி வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1947இல் வந்த அவருடைய ‘ஸ்டார்மி மண்டே’ பாட்டைக் கேட்டு மயங்கித்தான் பி.பி. கிங் எலெக்ட்ரிக் கிட்டார் பக்கம் வந்தார். பி.பி. கிங்கைக் கேட்டு வளர்ந்தவர் சிகாகோவின் ஓடிஸ் ரஷ். ஓடிஸ் ரஷ்ஷைக் கேட்டு உருகியவர் லண்டனில் பீட்டர் கிரீன். பீட்டர் கிரீனிடமிருந்து பாட்டு சான்டானாவுக்கு வருகிறது. இது ஒரு பாதை, கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்த பாதை. இன்னொரு பாதை குறுக்குவழி: வாக்கரும் கிங்கும் வாசித்தது திஹுவானாவில் பாட்டிஸின் கைக்கு வந்து, அங்கிருந்து நேராகப் பையனின் கைக்குப் போனது. சான்டானாவிடம் இரண்டு பாதையும் முட்டுகின்றன. அதனால்தான் பீட்டர் கிரீனின் பாட்டை அவர் வாசிக்கும்போது கடன் வாங்கிய மாதிரியே இருப்பதில்லை. அத்தை வீட்டுப் பண்டத்தைச் சின்ன வயதிலிருந்தே சாப்பிட்டவன், அதையே சித்தி வீட்டில் சாப்பிட்ட மாதிரி.

‘பிளாக் மேஜிக் வுமன்’ பாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பாதிக் கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது. எழுதியவர் பீட்டர் கிரீன். அவருடைய குழுவான ஃப்ளீட்வுட் மேக் 1968இல் வெளியிட்டது. அது ஓடிஸ் ரஷ் 1958இல் பதிவு செய்த ‘ஆல் யுவர் லவ்’ பாட்டின் நேரடி வாரிசு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டுமே மைனர் என்ற சோகமான சுர அமைப்பில், ஒரு மாதிரி ரும்பா என்ற கியூபா தாளத்தில் நெளிந்து போகும். திடீரென்று ஒரு இடத்தில் தாளம் மாறி, ஷஃபிள் என்ற துள்ளல் நடைக்குள் குதிக்கும். ரஷ் பாட்டின் நடுவில் செய்ததைக் கிரீன் கடைசியில் செய்தார். பாட்டின் எலும்பும் ப்ளூஸ்தான். டி மைனரில் பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாள ஆவர்த்தனம் கொண்ட சுற்று. கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களின்) வரிசை மட்டும் வழக்கமான பன்னிரண்டு பார் ப்ளூஸிலிருந்து மாறியிருக்கும்.

சான்டானா குழு 1970இல் ‘அப்ராக்சஸ்’ ஆல்பத்தில் இதை எடுத்தபோது அந்த எலும்பைத் தொடவே இல்லை. கிரெக் ரோலி பாடுகிறார், ஹேமண்ட் ஆர்கன் பின்னால் புகை மாதிரி பரவுகிறது, காங்காவும் திம்பாலேயும் உள்ளே வருகின்றன. கடைசி ஷஃபிளை மட்டும் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஹங்கேரியக் கிட்டார் கலைஞர் காபோர் சாபோவின் ‘ஜிப்சி குயின்’ இசையைப் பொருத்தினார்கள். 1971 தொடக்கத்தில் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. இன்றைக்கு உலகத்தில் பாதிப் பேர் இதை சான்டானா எழுதிய பாட்டென்றே நம்புகிறார்கள். பீட்டர் கிரீன் ரசிகர்களுக்கு அதில் இருக்கிற மனக்குறை எனக்குப் புரிகிறது, நியாயமானதும்கூட.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓடிஸ் ரஷ் பாட்டில் ரும்பா எப்படி வந்தது? ப்ளூஸுக்குள் கியூபாவின் தாளம் ரொம்ப காலமாகவே இருக்கிறது. பாட்டமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி 1900இல் கியூபாவுக்குப் போய் வந்தவர். 1914இல் அவர் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாட்டின் ஒரு பகுதி முழுக்க ஹபனேரா என்ற கியூபா தாளத்தில் ஓடும். நியூ ஆர்லியன்ஸ் பியானோக்காரர் புரொபசர் லாங்ஹேர் ரும்பாவை வைத்தே வாழ்ந்தார். பி.பி. கிங்கே 1953இல் ‘வோக் அப் திஸ் மார்னிங்’ பாட்டில் ரும்பாவில் தொடங்கி, ஸ்விங்குக்கு மாறி, மறுபடி ரும்பாவுக்கு வருவார். ஆகவே ‘ப்ளூஸா லத்தீனா’ என்று பிரித்துக் கேட்கிற கேள்வியே கொஞ்சம் பிசகு. இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட மக்களின் தாளத்திலிருந்து கிளைத்தவை. ஒன்று ஹவானாவில் இறங்கியது, ஒன்று அமெரிக்கத் தென்பகுதியில் இறங்கியது. இடையில் கடலைத் தாண்டிப் போக்குவரத்து நிற்கவே இல்லை. சான்டானா குழு அந்த உறவை எல்லோர் காதிலும் விழுகிற சத்தத்தில் வாசித்தது.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி: அவர் வாசிப்பில் ப்ளூஸ் எந்த இடத்தில்?

உங்களிடம் கிட்டார் இருக்கிறது என்று சொன்னீர்கள். மூன்றாவது தந்தியில், அதாவது ஜி தந்தியில், பத்தாவது ஃபிரெட்டில் விரலை வையுங்கள். அது எஃப். டி மைனருக்கு மூன்றாம் சுரம். இப்போது தந்தியைக் கொஞ்சமே கொஞ்சம் வளையுங்கள். எஃப் ஷார்ப் வரைக்கும் போகக் கூடாது, அதற்கு முன்னாலேயே நிற்க வேண்டும். பியானோவில் இல்லாத சுரம் அது. மைனரும் இல்லை, மேஜரும் இல்லை. கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதே அல்ல. ஒரு சுரம் அதன் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டியதில்லை, அசைவில்தான் அது உயிர் பெறுகிறது என்று நமக்குத் தெரியும். ப்ளூஸ்காரர்களின் மைனர் பென்டடானிக் அளவுகோலும் நம் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களும் ஒன்றே. அசைக்கும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. சான்டானாவின் சோலோ எதை எடுத்தாலும் அந்த அரைகுறை வளைவு அடிக்கடி எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது, அதிர்வு. பி.பி. கிங் கார்டு வாசிப்பதே அபூர்வம். ஒரு சுரத்தைப் பிடித்து, கட்டை விரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, கையையே பட்டாம்பூச்சி மாதிரி படபடக்க விடுவார். அவருடைய உறவினர் பக்கா ஒயிட் ஸ்லைடு வைத்து வாசித்த ஒலியை வெறும் விரலில் கொண்டுவரப் பார்த்ததில் பிறந்த பழக்கம் அது. அவர் 1967இல் முதன்முதலாக ஃபில்மோரில் மேடையேறியபோது கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்கள் நிறைந்த கூட்டம். கிங் அழுதுவிட்டார். அந்தக் கூட்டத்தில் சான்டானாவும் இருந்தார். அந்த இரவைப் பற்றிப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு சுரத்தால் ஒரு அரங்கத்தை நிறுத்த முடியும் என்பதை அவர் கண்ணால் பார்த்த இரவு என்று நான் அதைச் சொல்வேன்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நம் முதல் நண்பர் கவனிக்கவில்லை. பி.பி. கிங்கின் வாக்கியங்கள் சின்னவை. ஒரு வரி பாடுவார், கிட்டார் ஒரு வரி பதில் சொல்லும், அவ்வளவுதான். பேச்சு மாதிரி. சான்டானாவின் சுரம் முடியாமல் நீண்டுகொண்டே போகும். இதை எங்கிருந்து எடுத்தார்? ஒரு பகுதி பீட்டர் கிரீன்தான், அதை மறுக்க முடியாது. ஜான் மேயால் குழுவில் இருந்தபோது 1967இல் கிரீன் வாசித்த ‘தி சூப்பர்நேச்சுரல்’ இசையைக் கேளுங்கள். ஆம்ப்பின் சத்தம் தந்தியைத் திரும்ப அதிரவைக்க, ஒரு சுரம் அந்தரத்தில் தொங்கும். இன்னொரு பகுதி, என்னைக் கேட்டால், அவர் வெறுத்து ஒதுக்கிய அப்பாவின் வயலின். வில் போட்டு இழுக்கிற வாத்தியத்தில் சுரம் மங்காது. ஐந்து வயதில் கையில் ஏறியது எங்கே போகும்? ‘சம்பா பா தி’யின் முதல் ஒரு நிமிடத்தைக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், மீட்டுக்கோல் தந்தியில் படுகிற சத்தமே கேட்காத மாதிரி இருக்கும். வில்லால் இழுக்கிற வழுக்கல் அது.

இந்த நீட்சிக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆம்ப்பிலிருந்து வருகிற சத்தம் கிட்டாரின் உடம்பில் பட்டு, தந்தியைத் தொடர்ந்து அதிர வைக்கும் இடம் ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். நிகழ்ச்சிக்கு முன்னால் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையில் அங்கும் இங்கும் நடந்து, எந்தச் சுரம் எங்கே நிற்கிறது என்று தேடி, தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைப்பார். ராண்டால் ஸ்மித் என்ற கைவினைஞர் சின்ன ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஆம்ப்பைப் பிரித்து, உள்ளே பெரிய ஆம்ப்பின் பலத்தைத் திணித்து, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் மாட்டியபோது, அதை வாசித்துப் பார்த்து இது நன்றாக ‘பூகி’ போடுகிறதே என்று வியந்தவர் சான்டானா. ஸ்மித்தின் ஆம்ப் நிறுவனத்துக்கு மெசா பூகி என்ற பெயரே அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர். 1948இல் ‘பூகி சில்லன்’ பாட்டிலிருந்தே அவர் வழி தனி வழி. பன்னிரண்டு பார் கணக்கெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒரே கார்டில் உட்கார்ந்துகொண்டு, காலால் தரையைத் தட்டி, மணிக்கணக்கில் வாசிக்கக்கூடியவர். சான்டானா குழு எடுத்து வாசித்த டிட்டோ புவெந்தேவின் ‘ஓயே கோமோ வா’வும் இரண்டே கார்டில் சுற்றுகிற பாட்டுதானே? ஏ மைனர், டி. அவ்வளவுதான், கடைசிவரை. மேலே ஓடுகிற சுரங்களைச் சேர்த்தால் நம் கரகரப்பிரியா. ஒரே இடத்தில் நின்று ஆழம் தோண்டுகிற புத்தி ஹூக்கரிடமும் உண்டு, கியூபா இசையிலும் உண்டு. சான்டானா இரண்டிலும் ஒரே மாதிரி சுகமாக இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். 1989இல் ஹூக்கரின் ‘தி ஹீலர்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் இருவரும் சேர்ந்தார்கள். எழுபதைத் தாண்டிய கிழவர் அடித்தொண்டையில் முணுமுணுக்கிறார், கீழே காங்கா ஓடுகிறது, நடுநடுவே சான்டானா குறுக்கிடாமல் பதில் சொல்கிறார். அவருடைய மிக நல்ல ப்ளூஸ் வாசிப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

மூன்றாம் நண்பர் சொன்னதும் முழுக்கத் தவறில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ப்ளூஸை மட்டும் வைத்து சான்டானாவை அளந்தால் பாதி ஆள் காணாமல் போய்விடுவார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக்கில் அந்தக் குழு ஏறியபோது முதல் ஆல்பம்கூட வெளிவரவில்லை. ‘சோல் சாக்ரிஃபைஸ்’ வாசிக்கையில் கூட்டத்தை எழுப்பியது இருபதே வயதான மைக்கேல் ஷ்ரீவின் டிரம்ஸும், மேளக்காரர்கள் கராபெயோ, செபிட்டோ ஆரியாஸ் இருவரின் கைகளும்தான். அவர்கள் வாசித்த ‘ஜிங்கோ’ நைஜீரிய டிரம் கலைஞர் ஒலாடுஞ்சியிடமிருந்து வந்தது. 1972இல் ‘கேரவன்செராய்’ வரும்போது ஆள் முழுக்க ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் மயக்கத்தில் இருந்தார். அடுத்த வருடம் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு கோல்ட்ரேனுக்குக் காணிக்கையாக ஒரு ஆல்பம் செய்தார். அதே மெக்லாஃப்லின்தான் பிறகு நம் எல். ஷங்கர், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவை அமைத்தவர். 1976இல் வந்த ‘யூரோப்பா’வில் ப்ளூஸ் வடிவமே இல்லை. பொலேரோ என்ற மெதுவான காதல் பாட்டு மாதிரி உருகி, பழைய ஜாஸ் பாட்டுகளைப் போல கார்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று இறங்கிக்கொண்டே போகும். ஆனால் அங்கேயும் அந்த வளைவைக் கேளுங்கள், சுரத்தைப் பிடித்தபின் வருகிற அந்த அதிர்வைக் கேளுங்கள். வீடு மாறினாலும் பேச்சுவழக்கு மாறவில்லை.

1999இன் ‘சூப்பர்நேச்சுரல்’ ஆல்பம் கிராமி விருதுகளை அள்ளியதையும், ‘ஸ்மூத்’ பன்னிரண்டு வாரம் முதலிடத்தில் இருந்ததையும் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த ஆல்பத்தின் கடைசிப் பக்கம் போய் எரிக் கிளாப்டனோடு வாசித்த ‘தி காலிங்’ கேளுங்கள். இரண்டு பேரும் பழைய ஃபில்மோர் பையன்களாக மாறிவிடுவார்கள்.

கேட்க ஒரு வரிசை கேட்டிருந்தீர்கள். முதலில் ஓடிஸ் ரஷ்ஷின் ‘ஆல் யுவர் லவ்’. அடுத்து பி.பி. கிங்கின் ‘வோக் அப் திஸ் மார்னிங்’. அப்புறம் பீட்டர் கிரீனின் ‘தி சூப்பர்நேச்சுரல்’, அவருடைய ‘பிளாக் மேஜிக் வுமன்’. அதற்கு மேல்தான் சான்டானாவின் ‘பிளாக் மேஜிக் வுமன்’. ஹெட்போன் போட்டுக்கொண்டு, இடையில் வேறு எதையும் கலக்காமல் கேளுங்கள். மொத்தமே இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முடித்த பிறகு, 1998 ஜனவரியில் நடந்த ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவின் காணொளியைத் தேடிப் பாருங்கள். அந்த வருடம் சான்டானாவுக்கும் ஃப்ளீட்வுட் மேக்கின் பழைய, புதிய உறுப்பினர்களுக்கும் ஒரே இரவில் மரியாதை செய்தார்கள். பீட்டர் கிரீன் பல வருடம் மனநோயால் ஒடுங்கி, இசையை விட்டே விலகி இருந்து, அப்போதுதான் திரும்பி வந்திருந்தார். தன் பழைய குழுவோடு அல்லாமல் சான்டானாவோடு மேடையேறி, ‘பிளாக் மேஜிக் வுமன்’ பாட்டைச் சேர்ந்து வாசித்தார்.